மூன்று கம்பியில் முடிந்த ஜாஸ் கோர்ட் வேலை: ஹட்டன் மழைக்காலக் குறிப்பு

ஜாஸ் கிட்டார் பழகத் தொடங்கிய பன்னிரண்டாவது வாரம், பி ஃபிளாட் சுருதியில் ஒரு புளூஸ் பாட்டு, நிமிடத்துக்கு 132 தாள அடி வேகத்தில், ஐந்து சுற்று நிற்காமல் ஓடியது. ஒரு கிட்டார், ஒரு கீபோர்ட், பாட ஒருவர். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. முதல் வாரத்தில் பிடித்த கோர்ட்டுகளில் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் பிடிகளில்) ஆறு கம்பியும் ஒலித்தன. கடைசியில் ஒலித்தவை மூன்றுதான். இடையில் கிட்டாரின் கழுத்தைத் தேவையில்லாமல் இறுக்கிக் கெடுத்து, பிறகு சரிக்கட்டிய கதையும் உண்டு. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இந்த மலைப்பக்கத்தில் எல்லாரும் செய்கிற தவறு அது.

கருவி சாதாரண ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக். இலங்கை மலையகத்தின் ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் சுவரே வியர்க்கும். ஈரமானியை அறையில் வைத்துப் பார்த்தபோது காலையில் 88 சதவீதம், பகலில் 82. கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 வரை இருந்தால் நல்லது. ஈரம் குடித்த மேல்பலகை உப்பிக்கொள்ளும். அதோடு, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜும் மேலே ஏறும். கம்பி விரல்பலகையை விட்டு எழும்பும். 12-ஆம் ஃபிரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அளந்தால், மிகத் தடித்த 6-ஆம் கம்பி 3.3 மில்லிமீட்டர், மிக மெல்லிய 1-ஆம் கம்பி 2.6. ஜாஸ் கோர்ட்டுகள் பெரும்பாலும் திறந்த கம்பி இல்லாமல் நடுக்கழுத்தில் வருபவை. இந்த உயரத்தில் பத்து நிமிடம் பிடித்தால் மணிக்கட்டு போய்விடும்.

கம்பி உயரம் என்றதும் அலன் கீயை எடுத்து, கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடை அரைச் சுற்று இறுக்கியாயிற்று. உயரம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் 1 முதல் 5 வரை எல்லா ஃபிரெட்டிலும் கம்பி உரசிக் கரகரத்தது. காரணம் எளிது: டிரஸ் ராட் கழுத்தின் வளைவைத்தான் மாற்றும், உப்பிய பலகையை அது இறக்காது. கழுத்து நேராகி, பின்னாலும் கொஞ்சம் வளைந்துவிட்டது. வளைவை அளக்க 1-ஆம் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃபிரெட்டை விரலால் அமுக்கி, 7-ஆம் 8-ஆம் ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் இடைவெளி பார்க்க வேண்டும். 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் போதும். அந்த இடைவெளியை அளக்கும் தகடு எந்த ஓட்டோ கராஜிலும் இருக்கும். வால்வ் கிளியரன்ஸ் பார்க்கிற ஃபீலர் கேஜ்தான் அது, இரவல் வாங்கினால் போதும். இறுக்கியதைக் கால் சுற்றாக, நாளுக்கு ஒரு தடவை, திருப்பி விட்டோம். ஒரே நாளில் இரண்டு தடவை திருப்பினால் மரம் எங்கே போய் நிற்கிறது என்று தெரியாது.

உண்மையான மருந்து கிட்டார் பெட்டிக்குள் இருந்தது. ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் 200 கிராம், இரண்டு மெல்லிய துணிப்பையில், ஒன்று தலைப்பக்கம், ஒன்று ஒலித்துளைக்குக் கீழே. வாசித்து முடிந்ததும் கிட்டார் பெட்டிக்குள். ஆணியில் தொங்கவிடுவதும் அடுப்படிச் சூட்டில் சாய்த்து வைப்பதும் கூடாது. அடுப்பு ஒரே பக்கத்தைக் காய வைத்துப் பலகையை வெடிக்கச் செய்யும். பெட்டிக்குள் எட்டு நாளில் ஈரம் 56-க்கு வந்தது, 6-ஆம் கம்பி 2.6-க்கு இறங்கியது. ஜெல் நிறம் மாறியதும் சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி போடலாம்.

மிச்சமிருந்த உயரத்துக்குச் சாடிலை, அதாவது பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையை, தேய்க்க வேண்டியிருந்தது. கணக்கு இதுதான்: 12-ஆம் ஃபிரெட்டில் 0.3 குறைய வேண்டுமானால் சாடிலின் அடியில் 0.6 போக வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் 220 உப்புத்தாளை ஒட்டி, சாடிலைச் செங்குத்தாகப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். கை சாய்ந்தால் அடி வட்டமாகி ஒலி செத்துவிடும். இருந்த சாடிலை அப்படியே வைத்துவிட்டு, புதிய எலும்புச் சாடில் வாங்கித் தேய்த்தோம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று காய்ந்து பலகை இறங்கும்போது தேய்த்த சாடில் தாழ்வாகப் போகும். அப்போது பழையதை மாட்டிக்கொள்ளலாம். மலையில் ஒரு கிட்டாருக்கு இரண்டு சாடில் ஆடம்பரம் இல்லை.

கோர்ட்டுக்கு வருவோம். முதல் இரண்டு வாரமும் கோர்ட் படங்கள் உள்ள தாளை வைத்துக்கொண்டு 9, 11, 13 என்று கூடுதல் சுரம் சேர்ந்த ஆறு கம்பிப் பிடிகளை மனப்பாடம் செய்ததில் போயின. நாற்பது பிடி தெரிந்தது, ஒரு பாட்டுக்கும் கைகொடுக்கவில்லை. ஒரு பிடியிலிருந்து அடுத்ததற்குப் போகையில் கை ஐந்து ஃபிரெட் தாவியது; தடித்த அடிக்கம்பிகள் இரண்டும் சேர்ந்து குழம்பின.

சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதைச் சுரத்தில் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஒரு கோர்ட்டின் குணத்தைச் சொல்வது காந்தாரமும் நிஷாதமும். பஞ்சமம் கிட்டத்தட்ட எல்லாக் கோர்ட்டிலும் ஒன்றே, அதை விட்டாலும் யாரும் தேட மாட்டார்கள். மைனர் 7 என்றால் சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம். மேஜர் 7 என்றால் அந்தர காந்தாரம், காகலி நிஷாதம். வெறும் 7 என்றால் அந்தர காந்தாரத்தோடு கைசிகி நிஷாதம். அடியில் சட்ஜத்தைப் போட்டால் மூன்று சுரம், மூன்று கம்பி.

சி மேஜரில் இரண்டு-ஐந்து-ஒன்று, அதாவது சுருதியின் 2, 5, 1-ஆம் சுரங்களில் அடுத்தடுத்து வரும் கோர்ட்டுகள். எண்கள் 6-ஆம் கம்பியிலிருந்து 1-ஆம் கம்பி வரை, கோடு போட்டது ஒலிக்கக் கூடாத கம்பி:

டி மைனர் 7: – 5 3 5 – –
ஜி 7: 3 – 3 4 – –
சி மேஜர் 7: – 3 2 4 – –

நடுவிலுள்ள 4-ஆம், 3-ஆம் கம்பிகளை மட்டும் பாருங்கள். முதல் மாற்றத்தில் 4-ஆம் கம்பி அசையவே இல்லை, 3-ஆம் கம்பி ஒரு ஃபிரெட் இறங்குகிறது. இரண்டாவது மாற்றத்தில் 3-ஆம் கம்பி அப்படியே நிற்க, 4-ஆம் கம்பி ஒரு ஃபிரெட் இறங்குகிறது. இரண்டு விரல் மாறி மாறி ஒரு படி இறங்குவதுதான் பாதி ஜாஸ் பாட்டுகளின் உள்வேலை. அடிக்கம்பியை விட்டுவிட்டு இந்த இரண்டை மட்டும் ஒரு நாள் முழுக்க வாசித்துப் பார்த்தால் காது தானாகவே அடுத்த கோர்ட்டைக் கேட்கத் தொடங்கும்.

பிடி சிறியது, ஆனால் வாசிக்காத கம்பிகளை அடக்குவதில்தான் கஷ்டம். ஜி 7-க்குச் சுட்டுவிரல் 6-ஆம் கம்பியிலும் நடுவிரல் 4-இலும் மோதிரவிரல் 3-இலும் வரும். சுட்டுவிரலின் நுனிச் சதை கொஞ்சம் சாய்ந்து 5-ஆம் கம்பியைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. அதே விரலின் அடிப்பக்கம் 2-ஐயும் 1-ஐயும் தொட்டபடி கிடக்க வேண்டும். டி மைனர் 7-இல் 5-ஆம் கம்பியை அமுக்கும் மோதிரவிரலின் நுனி 6-ஆம் கம்பியில் முட்டி நிற்க வேண்டும். சரிபார்க்க ஒரே வழி: பிடியைப் பிடித்துக்கொண்டு ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். மூன்று பேச வேண்டும், மூன்று ‘டப்’ என்று சாக வேண்டும். அது சரியாக வந்தால் பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) ஆறு கம்பியிலும் தாராளமாக இழுக்கலாம், மூன்று மட்டும் கேட்கும்.

இந்த மூன்று கம்பிப் பாணியின் பெரிய ஆசான் ஃப்ரெடி கிரீன். 1937-இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் கவுண்ட் பேசியின் இசைக்குழுவில் சேர்ந்து 1987-இல் இறக்கும்வரை அங்கேயே வாசித்தார். ஆம்ப்ளிஃபயர் இல்லாத கிட்டாரில், ஒரு பாருக்கு (நாலு எண்ணிக்கை கொண்ட தாளக் கட்டம்) நாலு அடி. பித்தளைக் குழல்களுக்கு நடுவில் அந்தக் கிட்டார் தனியாகக் காதில் விழாது. அது நின்றால்தான் எதுவோ குறைகிறது என்று தெரியும்.

நாலு அடி என்றால் எளிதென்று நினைத்து வலக்கையில் மூன்று வாரம் இழுபட்டது. நாலும் கீழ்நோக்கிய அடி. பிக் 1.14 மில்லிமீட்டர், மெல்லியது நெளிந்து ‘சளக்’ என்று தாமதிக்கும். அடிக்கும் இடம் ஒலித்துளைக்கு மேலே அல்ல, விரல்பலகை முடியும் இடத்துக்குப் பக்கத்தில். பிரிட்ஜை நெருங்க நெருங்க ஒலி தகரமாகும். நீளத்தைத் தீர்மானிப்பது இடக்கை. அடித்தவுடன் விரல் அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும். விரலையே தூக்கிவிட்டால் திறந்த கம்பிகள் கூடச் சேர்ந்து கத்தும், ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு கீச்சு வரும். தூக்காமல் தளர்த்தப் பழக ஒன்பது நாள் போனது. நாலையும் வெட்டி வெட்டி அடித்தது அடுத்த பிழை, கேட்க தையல் மெஷின் மாதிரி இருந்தது. 1, 3 கொஞ்சம் நீளம். 2, 4 கொஞ்சம் குட்டை, மிகச் சிறிய அழுத்தம். ‘கொஞ்சம்’ என்பதற்கு அளவு தர முடியாது. பதிவு செய்து கேட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமின் சத்தம் 2-இலும் 4-இலும் விழ வேண்டும். 120 வேகத்துக்கு மெட்ரோனோமை 60-இல் வைத்து, விழும் சத்தத்தை ‘இரண்டு’ என்று எண்ணத் தொடங்குங்கள். சாவி கொடுக்கிற பழைய மெட்ரோனோம் 40-க்குக் கீழே இறங்காது, ஆகவே அதில் 80-க்கும் மெதுவாகப் பழக முடியாது. ஃபோனில் உள்ளது இறங்கும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது அதன் சத்தமும் கேட்காது, கிட்டாரும் கேட்காது. ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் மாட்டி இஸ்தோப்பில் (வராந்தாவில்) சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் இரண்டும் கேட்கும். சுவர் ஒலியைத் திருப்பித் தருவது காசில்லாத மானிட்டர் ஸ்பீக்கர்.

பைலா (இலங்கையின் கொண்டாட்டப் பாட்டு) வாசித்துப் பழகிய கையை இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டிலும் டிரிப் பஸ்ஸிலும் வளர்ந்த எந்தக் கையும் 6/8-இல் தானாக ஓடும். ஜாஸின் துள்ளல் நடையான ஸ்விங்கும் மூன்றாகப் பிரிவதுதான், அந்த வகையில் பைலா கை முதல்தரச் சொத்து. ஆனால் பைலாவில் ‘த கி ட’ மூன்றையும் கை நிரப்பும். ஸ்விங்கில் ‘கி’யை விழுங்கிவிட்டு ‘த’வும் ‘ட’வும் மட்டும் வர வேண்டும். வாயால் தகிட சொல்லிக்கொண்டே ‘கி’யில் கையைக் கம்பிக்கு மேலே நிறுத்திப் பழகினால் நாலைந்து நாளில் வந்துவிடும். 180-க்கு மேல் வேகம் போனால் இந்த ‘த–ட’ இடைவெளி தட்டையாகிவிடும், வலிந்து நொண்ட வைக்க வேண்டாம்.

நாலு அடியை விட்டுத் தாளத்தோடு பேசத் தொடங்குவதற்கு முதல் படி சார்ல்ஸ்டன் என்ற தாள உரு. நாலு தகிடவில் முதல் ‘த’வில் ஒரு அடி, இரண்டாம் தகிடவின் ‘ட’வில் ஒரு அடி, மிச்சம் மௌனம். அந்த மௌனத்தில் கை எதையாவது செய்யத் துடிக்கும், விடாதீர்கள். பிறகு இதே இரண்டு அடியை ஒரு அரைஅடி தள்ளி, முதல் தகிடவின் ‘ட’வில் தொடங்குங்கள். ஒரே உருவை எட்டு இடத்தில் தொடங்கலாம். எட்டும் வேண்டாம், மூன்று இடம் கைக்கு வந்தாலே ஒரு பாட்டுக்குத் துணை போகலாம்.

இப்போது பி ஃபிளாட் புளூஸ். ஏன் பி ஃபிளாட்? சாக்ஸஃபோன், டிரம்பெட்காரர்களுக்கு வசதியான சுருதி அது, அதனால் பழைய ஜாஸ் பாட்டுகள் அங்கேயும் ஈ ஃபிளாட்டிலும் குவிந்து கிடக்கின்றன. கேப்போ இதற்கு உதவாது, திறந்த கம்பியே இல்லையே.

பி ஃபிளாட் 7: 6 – 6 7 – –
ஈ ஃபிளாட் 7: – 6 5 6 – –
ஈ டிமினிஷ்: – 7 5 6 – –
ஜி 7: – 10 9 10 – –
சி மைனர் 7: 8 – 8 8 – –
எஃப் 7: – 8 7 8 – –

பன்னிரண்டு பார்: முதல் பாரில் பி ஃபிளாட், இரண்டில் ஈ ஃபிளாட், மூன்றும் நாலும் பி ஃபிளாட், ஐந்தில் ஈ ஃபிளாட், ஆறில் ஈ டிமினிஷ், ஏழில் பி ஃபிளாட், எட்டில் ஜி, ஒன்பதில் சி மைனர், பத்தில் எஃப், பதினொன்றில் பி ஃபிளாட்டும் ஜியும் பாதி பாதி, பன்னிரண்டில் சி மைனரும் எஃப்பும் பாதி பாதி. ஐந்திலிருந்து ஆறுக்கு ஒரே ஒரு விரல் ஒரு ஃபிரெட் ஏறுகிறது, வேறொன்றும் இல்லை. முதலில் ஜி 7-ஐ 3-ஆம் ஃபிரெட்டிலும் எஃப் 7-ஐ 1-ஆம் ஃபிரெட்டிலும் பிடித்துப் பார்த்தோம். நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பட்டை) பள்ளங்கள் உயரமாக வெட்டப்பட்ட கிட்டாரில் 1-ஆம் ஃபிரெட்டை அமுக்குவதுதான் மிகக் கடினம். பத்தாவது பாரில் கை களைத்து ஒவ்வொரு சுற்றிலும் வேகம் சரிந்தது. மேலே மாற்றிய பிறகு எட்டாம் பாரிலிருந்து கை 10, 8, 8, 6 என்று படிக்கட்டில் இறங்குகிற மாதிரி வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இதில் ஒரு சின்ன வித்தை. எஃப் 7-க்குப் பதிலாக பி 7, அதாவது 7 – 7 8 – –. நடு இரண்டு கம்பியும் 7, 8. எஃப் 7-இலும் அதே 7, 8. அடிச் சுரம் மட்டும்தான் வேறு. சி மைனர் 8, பி 7, பி ஃபிளாட் 6 என்று அடிச் சுரம் ஒவ்வொரு ஃபிரெட்டாக வழுக்கி இறங்கும். பாடுபவர் எஃப் என்று நினைத்துக்கொண்டே பாடலாம். ஆனால் கீபோர்ட்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; அவர் இடக்கையில் எஃப்பை அழுத்தும்போது நீங்கள் பி அடித்தால் அழகு போய் விபத்து போலக் கேட்கும்.

கீபோர்ட்டோடு முதல் ஒத்திகை சேறு. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே உயரத்தில் எல்லாச் சுரத்தையும் வாசித்தோம். ஆராதனையில் பழகிய கைக்கு இடக்கையில் அடிச் சுரமும் வலக்கையில் முழுக் கோர்ட்டும் விடாமல் ஒலிக்க வேண்டும், அந்தப் பழக்கம் ஒரு நாளில் போகாது. இரண்டு ஏற்பாடு வேலை செய்தது. ஒன்று: கிட்டார் நாலு அடி வாசிக்கும் சுற்றில் கீபோர்ட் இடக்கையைத் தூக்கிவிடும். இரண்டு: கீபோர்ட் அடிச் சுரம் வாசிக்கும் சுற்றில் கிட்டார் சட்ஜத்தையே விட்டு மேல் நாலு கம்பிக்குப் போகும். அதற்கான பிடி, சி மேஜரில்:

டி மைனர் 9: – – 3 5 5 5
ஜி 13: – – 3 4 5 5
சி மேஜர் 9: – – 2 4 3 3

முதலிலிருந்து இரண்டாவதற்கு 3-ஆம் கம்பி மட்டும் ஒரு ஃபிரெட். முதல் வாரத்தில் ஆறு கம்பி கேட்ட 13 இங்கே ஒரு விரல் அசைவில் வந்துவிட்டது. தனியாக வாசித்தால் பாதிதான் கேட்கும், அடிச் சுரம் கூட வந்தால்தான் முழுமை. அதனால் இதைத் தனியே பழகும்போது அடிச் சுரத்தை ஃபோனில் பதிந்து ஓடவிடுங்கள்.

பிரேசிலின் போசா நோவா நடையை ஒரு வாரம் தொட்டோம், அவ்வளவுதான். கட்டைவிரல் 1-இலும் 3-இலும் அடிக்கம்பி; மற்ற மூன்று விரல் முதல் பாரில் 1, இரண்டின் பின்பாதி, 4; அடுத்த பாரில் 2, மூன்றின் பின்பாதி. இங்கே அரைஅடிகள் சமமாக இருக்க வேண்டும், தகிட நடை நுழைந்தால் கெட்டுவிடும். மூன்று மாதம் ஸ்விங்கில் ஊறிய கைக்கு அதுதான் சிக்கல். ஸ்டீல் கம்பியில் விரல் நகம் தேய்ந்தது. நைலான் கிட்டார் கிடைக்கும்வரை ஒத்திவைத்தாயிற்று.

செலவு: 12–53 ஃபாஸ்பர் பிரான்ஸ் கம்பி ஒரு செட் 4,200 ரூபாய், எலும்புச் சாடில் 900, ஈரமானி 1,400, சிலிக்கா ஜெல் அரைக் கிலோ 900, பிக் மூன்று 450. மொத்தம் 7,850. ஃபீலர் கேஜ் இரவல். கம்பி ஆறாவது வாரமே கறுத்துவிட்டது. வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்திருந்தால் இன்னும் மூன்று வாரம் வந்திருக்கும். குளிர் அறையிலிருந்து ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் போனால் கம்பி சூடேறிச் சுருதி இறங்கும். பெட்டியைத் திறந்து கால் மணி நேரம் விட்ட பிறகே டியூன் செய்ய வேண்டும்.

அடுத்த தடவை மாற்றுவது: கோர்ட் படத் தாளை முதல் நாளே மடித்து வைத்துவிட்டு 4-ஆம், 3-ஆம் கம்பி இரண்டில் மட்டும் தொடங்குவது. கீபோர்ட்காரரை எட்டாவது வாரத்தில் அல்ல, இரண்டாவது வாரத்திலேயே கூப்பிடுவது. நட் பள்ளத்தை ஆழமாக்க சரியான அகலமுள்ள அரம் வாங்குவது. இந்தத் தடவை ஊசி அரத்தால் 6-ஆம் கம்பியின் பள்ளத்தைத் தொட்டதில் அது கொஞ்சம் அகன்று, திறந்த கம்பி இன்னமும் மெல்ல முனகுகிறது.